அடுப்படிக் குழி

எங்கள் ஊருக்குச் சனம் திரும்பி வந்த புதிதில், கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆமிக்காரரின் இரும்புத் தொப்பி ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தது. அரிசி போட்டு வைக்க, துவக்கு ரவை வந்த பெட்டி. உடுப்புக் காயப்போட, மண்ணணையிலிருந்து அறுத்து வந்த முள்ளுக்கம்பி. அதில் கிழிபடாத பாவாடை என்னிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. மூதூரிலிருந்து வெருகலுக்குப் போகிற பாதையில், கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. ஊருக்குப் பின்னால்தான் மண்ணணை எழுப்பி, ஆமியும் இயக்கமுமாக இரண்டு பகுதியும் அடிபட்டார்கள். அடிபட்டு முடிந்து அவரவர் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன சாமான்களோடு குடித்தனம் நடத்துகிற வேலை எங்கள் தலையில் விழுந்தது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீச்சுவலை வீசுகிறவர். முதல் தொகுதியாக வந்து குடியேறியவர்களில் ஒருவர். நாங்கள் போய்ச் சேருமுன்பே அவர் மண்ணணையைக் கிளறி, துவக்குச் சன்னங்களைப் பொறுக்கி, உருக்கி, தன் வலைக்குப் புது ஈயம் கட்டி முடித்திருந்தார். "சின்னச் சாமான்தானே, கடிக்காது" என்பார். ஆனால் மண்ணுக்கு மேலே கொஞ்சம் பெரிதாக ஏதாவது மூக்கை நீட்டியிருந்தால் அன்றைக்கு மாமாவுக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும்; பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

பிள்ளைகளுக்கு முகாம் பள்ளிக்கூடத்திலேயே நாடகம் போட்டுக் காட்டியிருந்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். மூன்றையும் மெட்டுப் போட்டுப் பாடவும் பழக்கியிருந்தார்கள். நான் நாலாம் ஆண்டு. என் குரல் கொஞ்சம் பெரிது என்பதால் என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பெரியவர்கள் எதையாவது கண்டால் என்ன செய்வது என்று மட்டும் அந்தப் பாட்டில் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி உண்டு. பதுங்குகுழியைச் சொல்லவில்லை, அது வேறு. இது சாமான் தாட்டுவைக்கிற குழி. சண்டை வரப்போகிறது என்றால், தூக்கிக்கொண்டு ஓட ஏலாத சாமான்களைப் பொலித்தீனில் சுற்றி, தகர றங்குப்பெட்டிக்குள் அடைத்துப் புதைத்துவிட்டு, உடுத்த பழைய உடுப்போடு கிளம்புவார்கள். ஓய்ந்ததும் வந்து கிண்டி எடுப்பார்கள். அப்பா சின்னப் பெடியனாக இருந்த காலந்தொட்டு எத்தனையோ தடவை ஓடியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே குழிதான். சிலருக்கு அது மாட்டுக்கொட்டிலுக்குள் இருக்கும், சிலருக்கு வாழையடியில். எங்களுடையது குசினியில், அடுப்புக்கு நேர் கீழே. சாம்பலுக்குக் கீழே எவனும் தேடமாட்டான் என்பது அப்பாவின் கெட்டித்தனம்.

குழி எங்கே என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதில்லை. கூடப்பிறந்தவர்களுக்கே சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் காட்டிவைப்பார்கள், பெரியவர்களுக்கு ஏதாவது நடந்தாலும் பிள்ளைகளாவது வந்து எடுக்கட்டும் என்று. கூரை போகும், கதவு நிலை போகும், மாடு கன்று போகும். குழிக்குள் வைத்தது வைத்தபடி கிடக்கும். இதைச் சனம் சாமியை நம்புவதுபோல நம்பியது. அப்பா சாமியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்.

எனக்கு ஒரு அண்ணா இருந்தார். என்னைவிட மிகவும் மூத்தவர். என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் இருத்திக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். கம்பியில் இருந்த இருப்பில் கால் விறைத்துப் போனதும் அதற்காக அவரைத் திட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது, முகந்தான் சரியாக நினைவில்லை. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்ட காலத்தில் ரியூசனுக்குப் போனவர் திரும்பவில்லை. சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஷெல் விழத் தொடங்கியது. நாங்கள் குழியை மூடி, அதற்குமேல் அடுப்பை வைத்து, சாம்பலைக் கொட்டிவிட்டு வெருகல் ஆற்றைத் தாண்டினோம், வாகரையைத் தாண்டினோம், கடைசியில் வாழைச்சேனைப் பக்கம் ஒரு முகாமில் தறப்பாளுக்குக் கீழே போய் விழுந்தோம். அண்ணாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாரா, இல்லையா? எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாளிலும் இந்தக் கேள்வி இருந்தது. அம்மா வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். மாமா ஊரெல்லாம் அலைந்து கதை கொண்டுவருவார். படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டானாம், மன்னாரில் ஒருத்தர் கண்டாராம், புல்மோட்டைப் பக்கம் ஒரு வாடியில் மீன் காயப்போடுகிறானாம். ஒவ்வொரு கதையையும் அம்மா நம்பினார். ஒரே நேரத்தில் ஒருவர் இந்தியாவிலும் புல்மோட்டையிலும் இருக்க ஏலாது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அப்பா எந்தக் கதையையும் ஏற்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். ஊருக்கு எப்போது போக விடுவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருவழியாகப் போக விட்டார்கள். பஸ் எங்களைச் சந்தியில் இறக்கியது. மாமா மாட்டுவண்டியோடு வந்து காத்து நின்றார். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் முன்கூட்டியே வந்து காணிகளைத் துப்புரவாக்கி முடித்திருந்தார்கள். எங்கள் குசினிப் பக்கம் அவர்களுடைய கருவி ஓயாமல் கத்தியதாம். உடைந்த கூரைத்தகரமும் ஆணியும் சட்டிபானையும் குவிந்து கிடந்த இடம். தகரத்தை அள்ளிப்போட்டு, மேலாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்போல. வீட்டில் அத்திவாரம் மட்டும் இருந்தது. வளவில் நின்ற பனைகள் ஒன்றுக்கும் தலை இல்லை. அம்மா கிணற்றை எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

வண்டியிலிருந்து சாமான் இறக்குவதற்குள் அப்பா அலவாங்கையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு குசினி இருந்த இடத்துக்குப் போய்விட்டார்.

"அத்தான், முதல்ல தறப்பாளைக் கட்டுவம்" என்றார் மாமா. "மழை இருட்டுது. உங்கட குழி எங்கயும் ஓடிப்போகாது."

"நீ கட்டு. நான் கிண்டுறன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகாமில் இருந்த காலமெல்லாம் அவர் தன் தையல் மெஷினைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தவர். சீதனமாக வந்த மெஷின். ஊரில் பாதிச் சனம் அம்மா தைத்த சட்டையைத்தான் போட்டது. "என்ர மெஷினில அவருக்கு இவ்வளவு அக்கறை எண்டு இண்டைக்குத்தான் தெரியுது" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு அவரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பலை அள்ளப் போனார். நானும் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். புதையல் எடுக்கிற ஆசை எனக்கு.

மண் லேசாக இருந்தது. அப்பா ஒருமுறை நிமிர்ந்து நின்று மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். இத்தனை காலம் மூடிக் கிடந்த மண் இவ்வளவு லேசாக இருக்கக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். எனக்கு வேலை சுகமாகப் போகிறது என்று சந்தோசம். கொஞ்ச ஆழத்திலேயே பொலித்தீன் தெரிந்தது. பெட்டி இல்லை, நீளமான ஒரு பொதி. பொலித்தீனுக்குள்ளே மாம்பழ மஞ்சளில் சேலைத்துணி.

"இது பெட்டிக்குள்ள வைச்ச சேலையெல்லோ?" என்றார் அம்மா. "இது எப்பிடி வெளியில வந்தது?"

இழுத்து எடுத்து மடியில் வைத்து, பிள்ளைக்குச் சுற்றிய துணியைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு சுற்றாக அம்மாவே பிரித்தார். உள்ளே துவக்கு இருந்தது. துரு இல்லை. எண்ணெய் பூசி, பிசுபிசுவென்று, நேற்று வைத்ததுபோல.

எனக்கு மட்டும் கடமை நினைவுக்கு வந்துவிட்டது. நாடகத்தில் பாடிய அதே மெட்டில், அதே பெரிய குரலில், "தொடாதீங்கோ, கிட்டப் போகாதீங்கோ, பெரியாக்களுக்குச் சொல்லுங்கோ" என்று பாடினேன். மாமா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அங்கே நின்று, "அத்தான், எழும்பி வாங்கோ. உது எங்கட இல்லை. உதை நாங்கள் காணவே இல்லை" என்றார்.

அப்பா துவக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. ஊரில் எந்த ஆம்பிளையானாலும் முதலில் அதைத்தான் பார்ப்பான். அவர் குழிக்குள் இறங்கி, கையாலேயே மண்ணைத் தள்ளி, றங்குப்பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். குத்துவிளக்கு. பித்தளைச் செம்பு. துணியில் சுற்றிய மெஷினின் தலை. அம்மாவின் சேலைகள். எனக்குச் சின்னனில் போட்ட சட்டை ஒன்று. பெட்டி வெறுமையான பிறகும் அதன் அடியில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்கள்? எல்லாம் கிடக்குதானே" என்றார் அம்மா.

"சேட்டு."

"எந்தச் சேட்டு?"

"நீலச் சேட்டு. நீ தைச்சது."

கலியாணவீடு, கோயில் என்றால் மட்டும் அப்பா போடுகிற சேட்டு அது. ஓடும்போது நல்ல உடுப்பை வழியில் பாழாக்க வேண்டாம் என்று அதையும் இடுப்பில் கட்டுகிற ஒரு புதுச் சாரத்தையும் அப்பாவே மடித்துப் பெட்டியில் வைத்தவர். "வடிவாப் பாருங்கோ, சேலைக்குள்ள இருக்கும்" என்று அம்மா எல்லாச் சேலையையும் உதறினார். சேட்டு இல்லை. சாரமும் இல்லை. மற்றதெல்லாம் இருந்தன.

அம்மா உதறிய சேலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது.

"இஞ்ச பாருங்கோ" என்றார். "கள்ளன் வந்தவனெண்டால் குத்துவிளக்கை விட்டிட்டுச் சேட்டைக் கொண்டுபோவானே? இந்தக் குழி ஆருக்குத் தெரியும்? எங்கள் நாலு பேரையும் விட்டால் ஆருக்குத் தெரியும்? என்ர தம்பிக்கே தெரியாது."

அப்பா வெறும் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அவன்தான் வந்தவன். எங்களைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறான். நாங்கள் இல்லை. உதை இதுக்குள்ள வைச்சிட்டு, உங்கட சேட்டையும் சாரத்தையும் போட்டுக்கொண்டு சனத்தோட சனமாப் போயிட்டான். விட்டிட்டான், எல்லாத்தையும் விட்டிட்டான்."

அம்மா ஓடிவந்து என்னை மாமாவின் கையிலிருந்து பறித்துக் கட்டிப்பிடித்தார். அவர் மேலெல்லாம் சாம்பல். "அண்ணா தப்பியிட்டான் புள்ள. உயிரோட இருக்கிறான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னனான்தானே அக்கா, இந்தியாவுக்குத்தான் போயிருப்பான்" என்றார். அந்த நேரத்திலும் தன் கதை வென்றதில் அவருக்கு ஒரு பெருமை.

அப்பா குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அம்மா அவரை உலுக்கினார். "என்ன, ஒண்டும் சொல்லுறீங்கள் இல்லை? உங்கட பிள்ளை உயிரோட இருக்கிறான், சந்தோசமில்லையா?"

"ஓம்" என்றார் அப்பா. பிறகு, கொஞ்சம் பொறுத்து, "ஓம். இருப்பான்" என்றார்.

எனக்கு அப்பாவில் கோபம் வந்தது. இவருக்கு எதிலும் சந்தோசப்படத் தெரியாது என்று நினைத்தேன். கிடைக்காத ஒரு பழைய சேட்டுக்காக முகத்தைத் தொங்கப்போடுகிற மனிசன் என்று நினைத்தேன்.

சந்தோசம் ஒரு பக்கம் இருக்க, துவக்கு அம்மாவின் காலடியில் கிடந்தது. அதைக் கண்டால் யாருடையது என்று கேட்பார்கள். அண்ணாவின் பேர் வெளியே வரும். அண்ணா இல்லாவிட்டால் அப்பாவைக் கொண்டுபோவார்கள், அப்பா போதாவிட்டால் மாமாவையும். மாமா இதை விரல்விட்டு விளங்கப்படுத்தினார். கடலில் போடலாம் என்றார். பிறகு கடலில் நேவிக்காரன் நிற்பான் என்று அவரே மறுத்தார். திரும்பத் தாட்டுவிடலாம் என்றார். பிறகு, தினமும் அதற்குமேல் அடுப்பு மூட்டிச் சோறு சமைப்பதா என்றார். சொந்தக்காரர் இன்னும் வராத பக்கத்து வளவுக்குள் எறிந்துவிடலாம் என்று அவர் சொன்னபோது அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையும் செத்தது.

அம்மாவுக்கு எந்த யோசனையும் பிடிக்கவில்லை. அவர் துவக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அதன் மரப்பிடியில் கையை வைத்துத் தடவினார். "இதில அவன்ர கை பட்டிருக்கு" என்றார். "எவ்வளவு கவனமாச் சுத்தி வைச்சிருக்கிறான், பாருங்கோ. எங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டு மண்ணுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறான்." பள்ளிக்கூட நாடகத்தில் பேய்போல வேடம் போட்டு வந்த அதே சாமானை அம்மா மடியில் வைத்துத் தடவுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"விடு" என்று அப்பா அவர் கையிலிருந்து அதை வாங்கினார். பறிக்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினார். "சேலையை நீ எடு. இதை வெறும் பொலித்தீனோட குழிக்குள்ள வைக்கிறன். நாளைக்குக் காலமை நானே போய்ச் சொல்லுறன், மெஷின் எடுக்கக் கிண்டினாங்கள், இது கிடந்ததெண்டு."

"அவனைப் பற்றிக் கேட்டால்?"

"கேட்டால் நான் சொல்லிக்கொள்ளுறன்."

அன்று பின்னேரம் அம்மா மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். சந்திக் கடைக்குப் பக்கத்தில் தப்பி நின்ற தென்னையில் மாமா ஏறித் தேங்காய் பறித்து வந்தார். பாற்சோறு பொங்கினோம். வருசப்பிறப்புக்குச் சமைப்பதுபோலச் சர்க்கரை போட்டு. மழை தறப்பாளில் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் சோற்றுக் கோப்பையில் இரண்டு தடவை கூடுதலாகப் போட்டார். அப்பா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சாப்பிட்டார். மஞ்சள் சேலையை அம்மா அன்றைக்குத் தோய்க்கவில்லை, பிறகும் தோய்க்கவில்லை.

மறுநாள் அப்பா போய்ச் சொன்னார். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் இரண்டு பேரும், அவர்களோடு ஆமிக்காரர் சிலரும் வந்தார்கள். வளவுக்கு வெளியே சிவப்பு நாடா கட்டினார்கள். துவக்கை எடுத்து, சுற்றிவரக் குத்திப் பார்த்து, வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் அப்பாவிடம் கேள்வி கேட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இது யார் வைச்சது?"

"தெரியாது சேர். நாங்கள் முகாமில இருந்தனாங்கள். இதுக்குள்ள ஆர் வந்தது, ஆர் போனதெண்டு எங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குப் பிள்ளை எத்தனை?"

"ஒண்டு" என்றார் அப்பா. என் தலையில் கையை வைத்தார். "இந்தப் புள்ள மட்டுந்தான்."

அதிகாரி அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு வாய் துருதுருத்தது, எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார் என்று சொல்ல. அம்மா என் தோளை நெரித்த நெரிப்பில் சொல்லாமல் விட்டேன். அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு ரொபி இனிப்பு எடுத்துத் தந்துவிட்டுப் போனார். வாகனம் சந்தியைத் தாண்டும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம்.

"நல்லாச் சொன்னீங்கள்" என்றார் அம்மா, மூச்சு வந்ததும். "எனக்கெண்டால் வாய் உளறியிருக்கும். கொஞ்சமும் குரல் நடுங்காமல் சொன்னீங்கள்."

"அத்தான் இப்படிப் பொய் சொல்லுவார் எண்டு நான் நினைக்கவே இல்லை" என்றார் மாமா. அவர் அவ்வளவு நேரமும் வயிற்றுக்குத்து என்று வண்டிக்குக் கீழே படுத்திருந்தவர்.

நான் என் தலையில் இருந்த அப்பாவின் கையைத் தட்டிவிட்டு, ரொபியை மாமாவின் கோழிக்குப் போட்டேன். அண்ணாவை இல்லை என்று சொன்ன அப்பாவோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்பா குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது போய், "அண்ணா உங்கட பிள்ளை இல்லையா?" என்று கேட்டேன். அப்பா மண்வெட்டியை நிறுத்தவில்லை. "போ. போய் அம்மாவோட நில்லு" என்றார்.

மெஷினின் துருவை மாமா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சரிப்படுத்தினார். அதில் அம்மா முதல் தைத்தது அண்ணாவுக்கு ஒரு சேட்டு. அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று. இன்றுவரைக்கும் வருடம் ஒன்று தைக்கிறார். "இப்ப அவனுக்கு உடம்பு வைச்சிருக்கும்" என்று இடையில் சில வருடம் அளவைக் கூட்டினார். போன தீபாவளிக்கு வயிற்றுப் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக விட்டிருந்தார். எல்லாம் அலுமாரியில் அடுக்கி இருக்கின்றன. பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைக்கிறார். அப்பாவின் நல்ல சேட்டுகள் கிழிந்துபோன காலத்திலும் அவர் அந்த அலுமாரியைத் தொட்டதில்லை.

திருகோணமலையில் பிள்ளைகளைக் காணாத தாய்மார் படத்தோடு வந்து போராட்டம் இருக்கும்போது அம்மாவும் போய் இருப்பார். அப்பா பஸ்ஸில் கூட்டிப்போய், தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு மறுபக்கம் ஒரு கடை வாசலில் நிற்பார். வந்து இருங்கோ என்று எத்தனையோ பேர் கூப்பிட்டும் இருந்ததில்லை. அந்த மனிசனுக்குக் கல்லு மனசு என்று என் காதுபடவே கதைத்தார்கள். நானும் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன வருடம் ஒரு கலியாணத்துக்காக வாழைச்சேனைப் பக்கம் போனோம். பஸ்ஸில் முன் இருக்கையில் அம்மாவும் என் மகனும். அம்மா அவனுக்குக் கடலைக்கொட்டை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் நானும் அப்பாவும். வழியில் ஒரு ஆஸ்பத்திரி மதிலருகே ஆட்களை ஏற்ற பஸ் நின்றது. அப்பா மதிலைப் பார்த்தார்.

"இஞ்ச நான் ஒருக்கா வந்தனான்" என்றார்.

"சுகமில்லாமலா?"

"இல்லை. முகாமுக்கு வந்த புதிசில. காட்டுப்பாதையால வந்த சனத்துக்கு மேல ஷெல் விழுந்து, செத்த ஆக்களைக் கொண்டுவந்து இதுக்குள்ள போட்டிருந்தாங்கள். ஆளைக் காணாத ஆக்கள் வந்து பாருங்கோ எண்டு முகாமில சொன்னாங்கள். உன்ர அம்மாவுக்குச் சொல்லாமல் வந்தனான்."

எஞ்சின் சத்தத்தில் அவர் குரல் எனக்கு மட்டுந்தான் கேட்டது. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மதிலைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒரு பெடியன் கிடந்தான். முகமில்லை. நீலச் சேட்டு, சாரம். என்ர சேட்டுத்தான். உன்ர அம்மா கொலர் மடிக்கிற விதம் எனக்குத் தெரியாதே? ஆனால் என்ர சேட்டு அடுப்புக்குக் கீழ கிடக்கு. நானே வைச்சு நானே மண் போட்டனான். அப்ப இவன்ர உடம்பில எப்பிடி வரும்? இது ஆற்றையோ சேட்டு, ஆற்றையோ பிள்ளை எண்டு நினைச்சன். எங்கட ஆள் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

நானும் மதிலைப் பார்த்தேன். "எங்க தாட்டவங்கள் அப்பா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும். கேட்டு வராத ஆக்களை ஒண்டாப் போட்டு மூடினதெண்டு பிறகு சொன்னாங்கள்."

"அம்மாவுக்கு...?"

"அவள் தைச்சுக்கொண்டிருக்கட்டும்" என்றார் அப்பா.

பஸ் கிளம்பியது. அம்மா திரும்பி, "என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

"வெயில் ஏறுதெண்டு சொல்லுறன்" என்றார் அப்பா.

அம்மா ஒரு பிடி கடலையைப் பின்னால் நீட்டினார். அப்பா வாங்கி, பாதியை என் கையில் போட்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து நான் அவர் கையைப் பிடித்ததில்லை. அவருக்கு அது கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் விடவில்லை.

உங்களுக்குப் பிள்ளை எத்தனை என்று அந்த அதிகாரி கேட்டதையும், ஒன்று என்று அப்பா சொன்னதையும் நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அம்மா அதை நல்ல பொய் என்று மெச்சினார். மாமா கெட்டிக்காரப் பொய் என்றார். நான் அதைப் பாவம் பிடித்த பொய் என்று நினைத்து, என் தலையிலிருந்து அப்பாவின் கையைத் தட்டிவிட்டேன். அது பொய் இல்லை என்பது அன்று அந்த வளவில் அவருக்கு மட்டுந்தான் தெரியும்.